பொருத்துக: தேர்தல், தொற்று, வதந்தி

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் நிதானமாகப் படியுங்கள்.

காலையில் பாரதி பூங்காவில் என்னோடு நடக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "டீச்சர், பேப்பர்ல வர்றதையும் நம்ப முடியல, வாட்ஸ்அப்ல வர்றதையும் நம்ப முடியல. அப்போ எதைத்தான் நம்புறது?" நடந்துகொண்டே பதில் சொல்லி முடிக்கிற கேள்வியாக அது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்தவர்களுக்கு 'பொருத்துக' என்ற கேள்வி தெரியும். இடப்பக்கம் ஐந்து சொற்கள், வலப்பக்கம் ஐந்து சொற்கள். பிள்ளைகள் கோடு போட்டு இணைக்க வேண்டும். இதில் ஒரு விசேஷம் உண்டு. இடப்பக்கம் இருப்பதும் சரியான சொல், வலப்பக்கம் இருப்பதும் சரியான சொல். தாளில் பொய் என்று எதுவுமே கிடையாது. ஆனாலும் கோடு மாறிப்போனால் விடை தவறு. சில பிள்ளைகள் கோடே போடாமல் தாளைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கும் மதிப்பெண் இல்லை.

நெருக்கடி காலத்துச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வரும். அதுவும் தேர்தலும் நெருக்கடியும் ஒன்றாக வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முழுப் பொய்யை ஊர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிறது. தவறாகக் கோடு போட்ட இரண்டு உண்மைகளும், கோடு போடாமலே விட்ட இரண்டு உண்மைகளும்தான் ஆளைச் சாய்க்கின்றன. செய்தியாளரின் வேலை கோடு போடுவது. அந்த வேலை எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்பதை நம் ஊர் பார்த்த 2021-ஐ வைத்தே சொல்கிறேன்.

முதலில் வேலை ஒழுங்காக நடந்த இடம்.

2021 பிப்ரவரி 17. ராகுல் காந்தி புதுச்சேரிக்கு வந்தார். முத்தியால்பேட்டை சோலை நகரில் மீனவ மக்களைச் சந்தித்தார். அங்கே ஒரு பெண்மணி எழுந்து தமிழில் தன் குறையைச் சொன்னார். எங்களை யாரும் கவனிக்கவில்லை, புயல் நேரத்தில் இவராவது வந்து பார்த்தாரா என்று பக்கத்தில் நின்ற முதல்வர் நாராயணசாமியைக் காட்டியே கேட்டார். அவர் சொன்னது நிவர் புயலை. 2020 நவம்பர் 25 இரவு நம் கடற்கரையை ஒட்டிக் கரை கடந்த புயல். ராகுல் காந்திக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்டார். புயல் நேரத்தில் நான் வந்து பார்த்ததைச் சொல்கிறார் என்று முதல்வர் ஆங்கிலத்தில் சொன்னார்.

கேமரா இரண்டையும் பதிவு செய்திருந்தது. இரண்டு மொழியும் தெரிந்த செய்தியாளர்கள் அந்தப் பெண்மணியின் தமிழையும் முதல்வரின் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வேறு ஒன்றும் செய்யவில்லை. அடைமொழி போடவில்லை, திட்டவில்லை. அன்று மாலைக்குள் நாடே பார்த்தது. தான் அந்தப் பகுதிக்குப் போனதைத்தான் சொன்னதாக அவர் பிறகு விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கமும் செய்தியில் வந்தது. படிப்பவர் தாமே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு எளிய மனுஷியின் வார்த்தை திரிந்து போகாமல் காப்பாற்றப்பட்டது. எனக்குத் தெரிந்து இதழியல் என்பது இதுதான்.

இதிலேயே ஒரு தவறான கோடும் உண்டு, பாருங்கள். ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 22 அன்று அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. "பொய் சொன்னார், ஆட்சி போச்சு" என்று அப்போது பலர் பேசினார்கள். மொழிபெயர்ப்பு நடந்ததும் உண்மை, ஆட்சி கவிழ்ந்ததும் உண்மை. ஆனால் ஆட்சி போனது சட்டமன்ற உறுப்பினர்கள் ராஜினாமா செய்து பெரும்பான்மை இல்லாமல் போனதால். கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கோடு போடக்கூடாது.

இனி வேலை நடக்காத இடம்.

பிப்ரவரி 26 அன்று தேர்தல் ஆணையம் தேதி அறிவித்தது. புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளத்துக்கு ஒரே கட்டமாக ஏப்ரல் 6. அறிவிப்பு வந்த நாளில் நாடு முழுவதும் தினசரி கொரோனா தொற்று 16 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. ஏப்ரல் 5 காலையில் வந்த கணக்கில் அது முதல் முறையாக ஒரு லட்சத்தைத் தாண்டியது. மறுநாள் நாம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். ஐந்தரை வாரத்தில் ஆறு மடங்கு. இந்த ஐந்தரை வாரமும் நம் ஊரில் என்ன நடந்தது? கூட்டம், ஊர்வலம், வேட்பாளர் வீதி உலா, ஆரத்தித் தட்டு. எல்லாக் கட்சியும்தான். எந்தக் கொடியும் விதிவிலக்கு இல்லை.

நான் வாங்கும் நாளிதழில் அந்த நாட்களில் முதல் பக்கத்தில் கூட்டத்தின் படம் வரும். கீழே "மக்கள் வெள்ளம்" என்று எழுதியிருக்கும். உள்ளே ஐந்தாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அன்றைய தொற்று இத்தனை, சிகிச்சையில் இத்தனை, இறப்பு இத்தனை. இரண்டும் உண்மை. இரண்டும் ஒரே நாள், ஒரே ஊர். ஆனால் முதல் பக்கத்துக்கும் ஐந்தாம் பக்கத்துக்கும் கோடு இல்லை. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் முகக்கவசம் போட்டிருந்தார்கள்? தேர்தல் ஆணையத்தின் விதிப்படி இத்தனை பேரைக் கூட்டலாமா? பார்க்க வேண்டிய அதிகாரி யார், அவர் என்ன பதில் சொன்னார்? இவை செய்தியில் இல்லை. அரசியல் நிருபர் கூட்டத்துக்குப் போனார், சுகாதார நிருபர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இருவரும் சந்திக்கவே இல்லை போலிருக்கிறது.

தேர்தல் முடிந்த பிறகு என்ன தலைப்பு வந்தது என்று நினைவிருக்கிறதா? "பொதுமக்கள் அலட்சியம்." பெரிய மார்க்கெட்டில் கூட்டம், மீன் அங்காடியில் கூட்டம், முகக்கவசம் இல்லாதவருக்கு அபராதம். அலட்சியம் நம்மிடமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் திடலில் ஆயிரக்கணக்கில் கூட்டியது "மக்கள் வெள்ளம்" என்றும், மீன் வாங்க நின்றது "அலட்சியம்" என்றும் அதே பேனாவில் வந்தால், படிக்கிறவன் என்ன நினைப்பான்? "நோயே இல்லை, எல்லாம் அரசியல்" என்று நினைப்பான். அப்படித்தான் பலர் நினைத்தார்கள். வதந்தி ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. செய்தி பதில் சொல்லாமல் விட்ட கேள்வியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மே 2 வாக்கு எண்ணிக்கை. மே 7 ரங்கசாமி முதல்வராகப் பதவி ஏற்றார். மே 9 அன்று அவருக்கே தொற்று உறுதியாகி, சிகிச்சைக்குச் சென்னை போனார். கதிர்காமத்திலும் ஜிப்மரிலும் படுக்கைக்காக நம் சொந்தக்காரர்கள் அலைந்தார்கள். மே மாத நடுவில் நம் ஒன்றியப் பிரதேசத்தில் தினசரித் தொற்று 2,000 வரை போனது.

இந்த 2,000-ஐக் கொஞ்சம் பார்ப்போம். அப்போது சென்னைத் தொலைக்காட்சிகளில் "தமிழகத்தில் 36 ஆயிரம்" என்று பெரிய எழுத்தில் ஓடும். மே 21 அன்று அங்கே 36,184. அதுதான் அங்கே உச்சம். நம் எண் கீழே சின்னதாக ஓடும். பார்த்தவர்கள், "நம்ம ஊரு பரவாயில்லை" என்றார்கள். கணக்குப் போடுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். அதை 36,184-ஆல் வகுத்தால், சுமார் 2,000 பேருக்கு ஒருவருக்கு அன்று தொற்று. புதுச்சேரி மக்கள்தொகை 12 லட்சத்து 48 ஆயிரம். அதை 2,000-ஆல் வகுத்தால் 624. அதாவது 600 சொச்சம் பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு தீவிரம். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு இது. எண்ணைப் போட்டார்கள், அதை எதனால் வகுக்க வேண்டும் என்பதைப் போடவில்லை. எண் பொய் இல்லை. ஆனால் அது ஊரைத் தூங்க வைத்தது.

அடுத்தது, தவறான கோடு.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். பயம் வேண்டாம், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேட்டியும் கொடுத்தார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துவிட்டார். 59 வயது. மரம் நட்ட மனிதர். வீட்டில் ஒருவரை இழந்தது போல எல்லோரும் அழுதோம்.

வியாழக்கிழமை ஊசி, சனிக்கிழமை சாவு. இரண்டும் உண்மை. இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோடு தானாகவே விழுந்துவிடும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. அவருடைய இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் உண்டாவது இல்லை என்ற விளக்கமும் சேர்ந்தே வந்தது. சுகாதாரத் துறைச் செயலர் ராதாகிருஷ்ணன் செய்தியாளர்களிடம் பேசினார். சில செய்திகளில் இந்த மூன்றாவது உண்மை தலைப்பிலேயே இருந்தது. பல செய்திகளில் "நேற்று தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர்" என்பது தலைப்பிலும், அடைப்பு விவரம் கடைசிப் பத்தியிலும் இருந்தது. கடைசிப் பத்தியை யார் படிக்கிறார்கள்? தலைப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு எங்கள் தெருவில் இரண்டு வாரம் தடுப்பூசி முகாமுக்கு ஆள் போகவில்லை. செவிலியர் தங்கைகள் வீடு வீடாக வந்து கெஞ்சினார்கள். "விவேக்குக்கே அப்படி ஆச்சே" என்ற ஒரே பதில். மே மாதம் வந்துகொண்டிருந்த நேரம் அது. தடுப்பூசிக்குப் பிந்தைய விளைவுகளை ஆராயும் தேசியக் குழு, இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. ஆறு மாதம். அந்தச் செய்தி எந்தப் பக்கத்தில், எவ்வளவு நீளத்தில் வந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? ஏப்ரல் செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அக்டோபர் செய்தியைக் கேட்டால் "அப்படியா, வந்துச்சா?" என்கிறார்கள்.

இதைச் சொல்வதால், கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஊசியால் பக்கவிளைவு உண்டா என்று கேட்பது செய்தியாளரின் கடமை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததும், கேள்வியை எவ்வளவு பெரிதாகப் போட்டார்களோ அவ்வளவு பெரிதாகப் பதிலையும் போடுவதும் கடமை. நான் கேட்பது இவ்வளவுதான்.

இன்னொரு நல்ல உதாரணம். 2020 ஜூன் மாதம் சென்னையில் தொற்று உச்சத்தில் இருந்தது. மாநில அரசு தினமும் இறப்பு எண்ணிக்கை வெளியிட்டது. செய்தியாளர்கள் சிலர் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை எடுத்து, அரசுப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். அங்கே இருந்த பல பெயர்கள் இங்கே இல்லை. எழுதினார்கள். சமூக ஆர்வலர்களும் கேட்டார்கள். முதலில் மறுப்பு வந்தது. பிறகு குழு அமைத்தார்கள். ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்து அரசே அறிவித்தது.

444 குடும்பம். அரசாங்கக் கணக்கில் இல்லாத சாவுகள் கணக்கில் வந்தன. எதனால்? இரண்டு பதிவேடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால். "அரசு மறைக்கிறது, ஆயிரக்கணக்கில் பிணம்" என்று அதே நாட்களில் எத்தனை குரல் பதிவுகள் வந்தன! அவற்றால் ஒரு பெயர்கூடப் பட்டியலில் ஏறவில்லை. அரசு சொன்னதை அப்படியே அச்சிட்டிருந்தாலும் ஏறியிருக்காது. உட்கார்ந்து ஒப்பிட்டவர்களால் ஏறியது. அரசுத் தகவல் என்றால் வேதம் என்று நம்புகிறவர்களும், அரசுத் தகவல் என்றாலே பொய் என்கிறவர்களும் இந்த 444-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீதிமன்றத்துக்கு வருவோம். 2021 ஏப்ரல் 26. கரூர் தொகுதியில் 77 வேட்பாளர்கள். எண்ணும் நாளில் முகவர்களோடு சேர்ந்தால் கூட்டம் தாங்காது, பாதுகாப்பு வேண்டும் என்று அங்கே போட்டியிட்ட அப்போதைய அமைச்சர் விஜயபாஸ்கர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்திருந்தார். விசாரணையின்போது தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசினார். தீர்ப்பில் எழுதப்பட்ட வரி இல்லை இது. வாய்மொழியாகச் சொன்னது. செய்தியாளர்கள் உடனே வெளியிட்டார்கள். மறுநாள் தேர்தல் ஆணையம் வெற்றி ஊர்வலங்களுக்குத் தடை போட்டது.

கூடவே, நீதிபதிகள் வாயால் சொல்வதை ஊடகங்கள் வெளியிடாமல் தடுக்க வேண்டும் என்றும் ஆணையம் கேட்டது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. மே 6 அன்று நீதிபதி சந்திரசூட், நீதிபதி எம்.ஆர். ஷா அமர்வு தீர்ப்புச் சொன்னது. உயர் நீதிமன்றத்தின் சொற்கள் கடுமையானவை, அந்த உவமை பொருத்தமில்லாதது என்றது. ஆனால் நீதிமன்றத்தில் நடப்பதை மக்களுக்குச் சொல்லும் உரிமை ஊடகத்துக்கு உண்டு, தடை போட முடியாது என்றும் தெளிவாகச் சொன்னது.

இந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். இதில் படிப்பவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. "தேர்தல் ஆணையம் மீது கொலை வழக்கு" என்று ஒரு வரி அன்று கைபேசிகளில் சுற்றியது. வழக்குப் போட்டுவிட்டார்கள் என்றே பலர் நம்பினார்கள். வாய்மொழிக் கருத்து வேறு, உத்தரவு வேறு. இந்த வித்தியாசத்தை ஒரே ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும். சொன்ன பத்திரிகைகளும் இருந்தன. தலைப்பில் இடம் இல்லை என்று விட்டவர்களும் இருந்தார்கள்.

இன்னொன்று. அந்தக் கடுமையான சொற்கள் வந்தது ஏப்ரல் 26. நாம் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 6. கூட்டங்கள் நடந்தது மார்ச்சில். மார்ச்சில் செய்தி கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, ஏப்ரல் கடைசியில் நீதிமன்றம் கேட்டது. நீதிபதி கேட்டதும் அது தலைப்புச் செய்தி ஆனது. யாரும் கேட்காத வரை அது செய்தியே இல்லை. ஊடகம் தானாகக் கேட்க வேண்டாமா?

நம் ஊரில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அதே தேர்தலுக்கு முன், புதுச்சேரி வாக்காளர்கள் பலருக்கு பா.ஜ.க. பெயரில் குறுஞ்செய்தி வந்தது. அவரவர் வாக்குச்சாவடிக்கென்று தனித்தனி வாட்ஸ்அப் குழு, அதில் சேர இணைப்பு. என் வாக்குச்சாவடி இவர்களுக்கு எப்படித் தெரியும், என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேள்வி எழுந்தது. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே செய்தி வருகிறது என்று சொல்லி, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் சார்பில் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கட்சி மறுத்தது. எங்கள் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எண்கள் என்றது. நீதிமன்றம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆதார் ஆணையத்திடமும் விளக்கம் கேட்டது.

யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்குக் கவலை வேறு. வாக்குச்சாவடி வாரியாகக் குழு என்றால், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தனிப் பத்திரிகை என்று அர்த்தம். அதற்கு ஆசிரியர் யார் என்று தெரியாது. அதில் வந்ததை அடுத்த தெருக்காரர் பார்க்க முடியாது. எதிர்க்கட்சியும் பார்க்க முடியாது, செய்தியாளரும் பார்க்க முடியாது. மேடையில் சொன்ன பொய்யை மறுநாள் மறுக்கலாம். குழுவுக்குள் சொன்ன பொய்யை மறுக்க ஆளே இல்லை. இன்று எல்லாக் கட்சிகளும் இதைச் செய்கின்றன. நாளைக்கு ஒரு தொற்றோ புயலோ வந்தால் இதே குழாய் வழியாகத்தான் வதந்தியும் வரும். தேர்தல் செய்தி என்றால் யார் முந்துகிறார், எந்த வார்டில் எந்தச் சாதி எத்தனை ஓட்டு என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், தேர்தல் உண்மையில் எங்கே நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

"அப்படியானால் அரசாங்கமே பொய்ச் செய்தியைக் கண்டுபிடித்து நீக்கட்டுமே" என்று சில நண்பர்கள் எழுதுகிறார்கள். மத்திய அரசு 2023-இல் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று அரசின் குழுவே சொல்லும் என்றது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுவுக்குத் தடை போட்டது. செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் விதியையே ரத்து செய்தது. சரியான முடிவு என்பேன். தேர்வு எழுதிய பிள்ளையிடமே தாளைக் கொடுத்துத் திருத்தச் சொல்வோமா? 2020-இல் அந்த 444 பெயர்களைக் கேட்ட செய்திகூடப் "பொய்" என்று முத்திரை வாங்கியிருக்கும்.

செய்தியாளர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த இரண்டு வருடமும் அவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலும் சுடுகாட்டிலும் நின்றார்கள். பலர் இறந்தும் போனார்கள். சிறிய ஊர் நிருபருக்குச் சம்பளம் குறைவு, விளம்பரம் பிடித்துத் தரும் வேலையும் அவர் தலையில். தேர்தல் காலத்தில் விளம்பரம் கொடுப்பதும் வேட்பாளர், செய்தியில் வருவதும் வேட்பாளர். காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழு 2010-இல் விரிவான அறிக்கை கொடுத்தது. கவுன்சில் அதை முழுதாக வெளியிடாமல் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான் 2011-இல் முழு அறிக்கை வெளியே வந்தது. ஆகவே குறையை நிருபர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கூட்டத்துக்குப் போனவர் நல்ல கேள்வியோடு திரும்பி வந்திருக்கலாம். மேசையில் அது வெட்டப்பட்டிருக்கலாம்.

இருந்தாலும் இது புதுச்சேரி. ஆங்கிலேய அரசு துரத்திய போது பாரதி 1908-இல் இங்கே வந்து, 'இந்தியா' பத்திரிகையை இங்கிருந்து நடத்தினார். எல்லைக்கு அப்பால் அதைத் தடுத்ததால் 1910-இல் நின்றுபோனது. பத்திரிகைக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் இது என்று ஆகஸ்டு மாதம் மேடைகளில் பெருமை பேசுகிறோம். பெருமை பேசினால் கொஞ்சம் எதிர்பார்க்கவும் உரிமை உண்டு.

செய்தியாளர் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இவை:

1. தேர்தல் நிருபரும் சுகாதார நிருபரும், புயல் நேரம் என்றால் வானிலை எழுதுபவரும், தினம் ஒருமுறை சேர்ந்து உட்காருங்கள். கூட்டத்தின் படத்துக்குக் கீழே அன்றைய தொற்று எண் வரட்டும்.

2. எண் போட்டால் எத்தனை பேரில் என்பதையும் போடுங்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் எண்களைப் புதுச்சேரியோடு மொத்தமாகக் கலக்காதீர்கள். நான்கும் மூன்று மாநிலங்களை ஒட்டித் தனித்தனியாக இருக்கும் ஊர்கள். மாஹேயில் இருப்பவருக்குக் கேரளத்தின் நிலைமைதான் முக்கியம்.

3. "ஆளுங்கட்சி இப்படிச் சொன்னது, எதிர்க்கட்சி அப்படிச் சொன்னது" என்று நிறுத்தாதீர்கள். மூன்றாவதாகப் பதிவேடு என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். மழை பெய்கிறது என்று ஒருவரும் இல்லை என்று இன்னொருவரும் சொன்னால், சன்னலைத் திறந்து பார்ப்பது உங்கள் வேலை.

4. வதந்தியை மறுக்கும்போது வதந்தியையே தலைப்பாக்கிக் கேள்விக்குறி போடாதீர்கள். "தடுப்பூசியால் மரணமா?" என்ற தலைப்பு மறுப்பு ஆகாது. உண்மை எதுவோ அதையே தலைப்பாகப் போடுங்கள்.

5. ஏப்ரலில் எழுதியதற்கு அக்டோபரில் பதில் வந்தால், அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள். பழைய செய்திக்கு இணையத்தில் இணைப்பும் கொடுங்கள்.

படிக்கும் நமக்கும் வேலை இருக்கிறது. இரண்டு செய்தி பக்கத்தில் பக்கத்தில் வந்தால், நடுவில் கோட்டைப் போட்டது யார் என்று பாருங்கள். செய்தி போட்டதா, அனுப்பியவர் போட்டாரா, நம் மனசு போட்டதா? பெரும்பாலும் நம் மனசுதான் போடுகிறது, அதுவும் நமக்குப் பிடித்த பக்கமாக. நமக்குப் பிடிக்காத கட்சியைப் பற்றிய செய்தி என்றால் இரண்டு நிமிடம் கூடுதலாக யோசியுங்கள். பிடித்த கட்சியைப் பற்றிய நல்ல செய்தி என்றால் நான்கு நிமிடம்.

நல்ல செய்தி எழுதியவரைப் பாராட்டுங்கள். தவறான செய்தி வந்தால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முன்பெல்லாம் அஞ்சலட்டையில் எழுதுவோம், இப்போது மின்னஞ்சல் போதும். திட்டாமல், தேதி, பக்கம், எது தவறு, சரியான விவரம் எது என்று நான்கு வரி. பத்து பேர் எழுதினால் மேசையில் இருப்பவர் அடுத்த முறை யோசிப்பார்.

ஒரு ரூபாய் கொடுக்காமல் எல்லாச் செய்தியும் இலவசமாக வேண்டும் என்று நினைத்தால், கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் யார், எதற்குக் கொடுக்கிறார் என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.

கருத்துப் பெட்டியில் உங்கள் எண்ணங்களைப் பதியுங்கள். 2021-இல் உங்கள் தெருவில் சுற்றிய வதந்தி எது, அது எப்படி அடங்கியது என்று எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். கட்சிச் சண்டை மட்டும் இங்கே வேண்டாம், அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம். ஆனால் முழுதாகப் பகிருங்கள். நாராயணசாமி பற்றிய பத்தியை மட்டும் ஒருவரும், பா.ஜ.க. பற்றிய பத்தியை மட்டும் இன்னொருவரும் வெட்டி எடுத்துப் போட்டால், நான் இவ்வளவு நேரம் எழுதியது வீண்.